ரவுண்டானா மீன்

"மொதல்ல வாயை மூடச் சொல்லணும்," என்றான் ஹேமிஷ்.

மேசை மேல் களிமண் மீன் ஒன்று வாயை அகலப் பிளந்துகொண்டு நின்றது. முர்ரே ஆற்றுக் காட் மீன். யாண்டூலா நகருக்குள் நுழையும் இடத்தில், நான்கு சாலைகள் வந்து சேரும் ரவுண்டானாவின் நடுவே, ஆளுயரத்துக்கு மேலே வெண்கலத்தில் நிற்கப் போகிற மீனின் மாதிரி அது. ஒவ்வொரு செதிலையும் சிற்பி விஸ்லாவ் தனித்தனியாக இழைத்திருந்தார்.

"வாய்க்கு என்ன? நல்லாத்தானே இருக்கு," என்றாள் லியோனி.

"நேரா மெல்போர்ன் ரோட்டைப் பாத்துத் திறந்திருக்கு. சனிக்கிழமை நாலு பீர் அடிச்சிட்டு வர்றவன், ஏதோ சுரங்கப்பாதைன்னு நெனச்சு வண்டியை உள்ள விட்டுடுவான்."

"மீன் வாய்க்குள்ளயா?"

"நீ இந்த ஊர் ஆளுங்க வண்டி ஓட்டிப் பாத்ததில்ல."

ஹேமிஷ் கவுன்சிலின் போக்குவரத்து எஞ்சினியர். பெர்த்திலிருந்து மாற்றலாகி வந்தவன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் வண்டி எப்படி மோதும் என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றும். அவன் கையெழுத்துப் போடாமல் ரவுண்டானாவில் ஒரு பூச்செடி கூட வைக்க முடியாது.

லியோனி ட்ரெகியர் கவுன்சிலின் கலை அதிகாரி. அடிலெய்டில் இருந்த வீட்டைக் காலி செய்து, பூனையையும் புத்தகங்களையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு இந்த வேலைக்காக வந்தவள். ஒரு வருட ஒப்பந்தம். "ரவுண்டானா சிலை நல்லபடியா முடிஞ்சா வேலை நிரந்தரம். முடியலேன்னா அடிலெய்டுக்குத் தினமும் காலையில ஏழு மணிக்கு பஸ் இருக்கு," என்று மேயர் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார். பஸ் நேரத்தையும் சேர்த்துச் சொன்னதுதான் அவளுக்கு உதைத்தது.

அவள் சிற்பிக்குப் போன் போட்டாள்.

"விஸ்லாவ், வாயை மூடணும்."

"நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலியே!"

"உங்க வாய் இல்ல. மீனோட வாய்."

மறுமுனையில் ஆடு ஒன்று கத்தியது. விஸ்லாவ் மலைப்பக்கம் ஒரு பட்டறையில் ஆடுகளோடு வாழ்பவர். போலந்திலிருந்து வந்து முப்பது வருடமாகியும் யாரிடமும் குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொள்ளாதவர்.

"காட் மீனுக்கு அழகே வாய்தான். அதை மூடிட்டா அது மீன் இல்ல, பேங்க் மேனேஜர்!"

"பாதுகாப்புப் பிரச்னை, விஸ்லாவ். தயவு செஞ்சு."

வாய் மூடப்பட்டது. புதிய மாதிரியின் புகைப்படம் கவுன்சிலுக்கு வந்தது. வரவேற்பு மேசையில் இருந்த டானிகா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அட, நம்ம மேயர்!" என்றாள்.

அதற்குப் பிறகு யார் பார்த்தாலும் அது மேயராகத்தான் தெரிந்தது. தொங்கிய கன்னம், முன்னால் துருத்திய கீழுதடு, உலகமே தனக்கு ஏதோ பாக்கி வைத்திருக்கிறது என்கிற மாதிரி ஒரு பார்வை. உள்ளூர்ப் பத்திரிகை இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, 'மீன் எது?' என்று கேட்டது.

மேயர் கிளைவ் பென்ஹாலிகன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். சிட்னியில் வீடு விற்கும் தொழில் செய்து, ஆற்றோரம் ஓய்வாக இருக்கலாம் என்று வந்து, ஓய்வு போரடித்து மேயரானவர்.

"லியோனி, இது நானா?"

"இல்ல கிளைவ். மீன்."

"என் பொண்டாட்டி பாத்துட்டு, 'எப்போ போய் போஸ் குடுத்தீங்க?'ங்கறா."

"கண்ணை மட்டும் கொஞ்சம் மாத்தச் சொல்றேன்."

"கண்ணை மாத்தினா என் தம்பி மாதிரி ஆயிடும். அவனைப் போய் ஊர் வாசல்ல வைக்கறதா? முகமே வேண்டாம்!"

"முகம் இல்லாம மீன் எப்படி..."

"நீதானே கலை அதிகாரி? கலையில இதெல்லாம் உண்டுதானே?"

லியோனி போன் போட்டாள். இந்த முறை ஆடு கத்தவில்லை. விஸ்லாவ் கத்தினார். கத்தி முடித்துவிட்டு, "சரி, செய்யறேன். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்ல," என்றார்.

இதற்கிடையில் பொதுமக்கள் கருத்துக் கூட்டம் ஒன்று நடத்த வேண்டியிருந்தது. லியோனி தேநீரும் பிஸ்கட்டும் ஏற்பாடு செய்தாள். ஊர்க்காரர்கள் வந்து தேநீரைக் குடித்தார்கள், பிஸ்கட்டைத் தின்றார்கள், பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"உங்க அபிப்பிராயத்தைச் சொல்லலாம்," என்றாள் லியோனி.

"மீன் வேண்டாம்," என்றார் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் லாக்லன்.

"சரி. வேற என்ன வைக்கலாம்னு நெனக்கறீங்க?"

"கவுன்சில் எதை வச்சாலும் வேண்டாம்."

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. ரவுண்டானாவுக்கு எதிரிலேயே பேக்கரி வைத்திருக்கும் கார்மென் ஸம்மித் எழுந்தாள். அவள் அப்பா மால்டா தீவிலிருந்து வந்து அடுப்பு மூட்டிய கடை. அதில் லியோனி தினமும் காப்பி வாங்கியும், கார்மென் அவளைப் பார்த்து ஒரு நாள் கூடச் சிரித்தது கிடையாது.

"நான் காலையில கடையைத் திறந்தா எதிர்ல அந்த ரவுண்டானாதான் தெரியும். இனிமே மூஞ்சி இல்லாத மீனையும் தினம் பாக்கணுமா? நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் லியோனி பூனையிடம், "நம்மள யாருக்குமே புடிக்கல," என்றாள். பூனை எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டது.

முகம் போன பிறகு, அது மீன் என்பதற்கு வால் ஒன்றுதான் சாட்சி. அழகாக வளைந்து, தண்ணீரை அடித்துத் திரும்புகிற வால். ஹேமிஷ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"வால் வலப்பக்கம் வளைஞ்சிருக்கு."

"அதனால?"

"வெளியூர்க்காரன் அதை அம்புக்குறின்னு நெனப்பான். நம்ம ரவுண்டானாவுல இடப்பக்கமாத்தான் நுழையணும். வலப்பக்கம் திரும்பினான்னா எதிர்ல வர்ற லாரி மேலதான் போய் முட்டுவான்."

"இடப்பக்கம் வளைச்சிடலாம்."

விஸ்லாவ் இடப்பக்கம் வளைத்தார். ஹேமிஷ் இப்போது மேசையின் மறுபக்கம் போய் நின்று பார்த்தான்.

"இங்கேருந்து பாத்தா வலப்பக்கம் தெரியுதே."

லியோனியும் எழுந்து போய்ப் பார்த்தாள். உண்மைதான். ரவுண்டானாவுக்கு நாலு பக்கமும் சாலை. எந்தப் பக்கம் வளைத்தாலும் யாராவது ஒருவனுக்கு அது தப்பான பக்கம்.

"நேரா நிமித்திட்டா?"

"பின்னாடி வர்ற வண்டி தெரியாது. மறைக்கும்."

"அப்போ?"

ஹேமிஷ் இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டிக் காட்டினான்.

வாலும் போனது. இரண்டு பக்கமும் துடுப்புகள் மட்டும் மிச்சம். படத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று லியோனி தேநீர் அறையில் ஒட்டி வைத்தாள். மறுநாள் டானிகா வந்து ரொம்பத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதே. உருளைக்கிழங்குக்கு எதுக்கு ரெக்கை?"

அன்றைக்கு யாரும் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. லியோனியே விஸ்லாவைக் கூப்பிட்டு, "துடுப்பையும் எடுத்துடுங்க," என்றாள். சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. கல்லூரியில் சிற்பம் படித்தவள் அவள். அந்த முதல் மீனைப் பார்த்த அன்று, இதற்காகவே இந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருந்தாள்.

"செதில்?" என்று கேட்டார் விஸ்லாவ். அவர் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது.

"செதில் மேல சாயந்திர வெயில் பட்டா ஓட்டறவங்களுக்குக் கண் கூசுமாம். வெண்கலமே வேண்டாமாம். சாம்பல் நிறத்துல, சொரசொரப்பா, கான்கிரீட்ல இருந்தாப் போதும்கறான் ஹேமிஷ்."

"இருக்கட்டும். ஒரே ஒரு வேண்டுகோள்."

"சொல்லுங்க."

"என் பேரைப் போட்டுடாதே."

திறப்பு விழா சனிக்கிழமை காலை. லாரியில் வந்த சிலையைத் துணியோடு சுற்றியபடியே கிரேன் இறக்கி வைத்தது. மேயர் கழுத்தில் பதவிச் சங்கிலியோடு நின்றார். ஊரே வந்திருந்தது. சிரிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று லியோனிக்குத் தெரியும். கைப்பைக்குள் ராஜினாமாவை மடித்து வைத்திருந்தாள்.

மேயர் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது.

சாம்பல் நிறத்தில், வழவழப்பும் இல்லாமல் வடிவமும் இல்லாமல், ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்து, பெரிதாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

லியோனி கண்ணை மூடிக்கொண்டாள்.

கைதட்டல் கேட்டது. கண்ணைத் திறந்தால், லாக்லன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். கார்மென் கடை ஏப்ரனில் மூக்கைச் சிந்தினாள். ஒரு கிழவர் சாலையைக் கடந்து ரவுண்டானாவுக்குள்ளேயே போய் அதைத் தட்டிக்கொடுத்தார். பின்னாலேயே ஒரு கூட்டம் போனது.

"ரவுண்டானாவுக்குள்ள ஆள் போகக் கூடாது! போகக் கூடாது!" என்று ஹேமிஷ் கையை ஆட்டிக்கொண்டு ஓடினான். அவனையும் ஒருத்தி கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

மேயர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "என்ன நடக்குது?" என்றார்.

"எனக்கே தெரியல கிளைவ்."

"இதுக்குப் பேர் என்ன? சீக்கிரம் சொல்லு!"

மீன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. "மௌனம்," என்றாள்.

"மௌனம்!" என்று மேயர் மைக்கில் முழங்கினார். கைதட்டல் இன்னும் பலமானது.

அதற்குப் பிறகு நடந்தது எதையும் லியோனியால் நம்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்குமாக எதிர்ப்புறப் புல்தரையில் வந்து உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். கல்யாணம் ஆன கையோடு ஒரு ஜோடி அதன் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டது. மெல்போர்னிலிருந்து ஒரு கலை விமர்சகர் வந்து, அரை நாள் சுற்றி வந்து பார்த்துவிட்டு, 'மீனிலிருந்து மீனை நீக்கி, மீன் என்ற எண்ணத்தை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார் சிற்பி' என்று முழுப் பக்கம் எழுதினார். அன்று மதியமே விஸ்லாவ் போன் செய்தார்.

"என் பேரைப் போடு. பெரிய எழுத்துல போடு!"

எல்லோரும் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு போவதால் ரவுண்டானாவில் ஒரு விபத்தும் நடக்கவில்லை. "வடிவமைப்புல என் பங்கும் இருக்கு," என்று ஹேமிஷ் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். அது பொய்யும் இல்லை.

மேயர் லியோனியைக் கூப்பிட்டு, வேலை நிரந்தரம் என்ற கடிதத்தை நீட்டினார். "மக்களோட ரசனையை நாம ரொம்பக் குறைச்சு எடை போட்டுட்டோம்," என்றார் உருக்கமாக.

லியோனி கடிதத்தோடு நேராகக் கார்மென் கடைக்குப் போனாள். கார்மென் முகமெல்லாம் சிரிப்பாக, கேட்காமலேயே கறி அடைத்துச் சுட்ட மீட் பை ஒன்றும் வெனிலா ஸ்லைஸ் இனிப்பும் தட்டில் வைத்து நீட்டினாள். காசை வாங்க மறுத்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே வெயிலில் 'மௌனம்' யார் கண்ணையும் கூச வைக்காமல் உட்கார்ந்திருந்தது.

"உண்மையைச் சொல்றேன் கார்மென்," என்றாள் லியோனி. "கூட்டத்துல நீங்கள்லாம் பேசினப்போ, இந்த ஊருக்குக் கலையே புடிக்காதுன்னு நெனச்சேன். மன்னிச்சிடுங்க."

கார்மென் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கலை கிலையெல்லாம் எனக்கு என்ன தெரியும், கண்ணு? நீ வர்றதுக்கு எட்டு வருஷம் முன்னாடி, ரவுண்டானா போடறோம்னு பேத்துத் தூக்கிட்டுப் போனாங்களே எங்க பாறை, அதை எங்கேயோ தேடிக் கண்டுபிடிச்சு, கழுவித் தொடச்சு, அதே எடத்துல திருப்பிக் கொண்டாந்து வச்சியே, அந்த மனசு யாருக்கு வரும்!"