மிச்சம் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள்

உலகம் ஏன் இருக்கிறது என்ற யோசனையில் குழம்பைத் தீயவிட்டவர் வில்லியனூரிலேயே மிச்சம் அக்கா ஒருவர்தான். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நானும் அவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். எனக்கு மருந்துக் கடையில் வேலை. அவர் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. எங்கோ வெளிநாட்டில் துகள்களை மோதவிட்டு எடுத்த பதிவுகளை லேப்டாப்பில் திறந்து வைத்து, மழையைப் பார்ப்பவர்போல் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆதியில் பொருளும் எதிர்ப்பொருளும் சரிசமமாகப் பிறந்தனவாம். ஒன்றையொன்று தொட்டு அழிந்தபோது, எப்படியோ கொஞ்சம் பொருள் மட்டும் நின்றுவிட்டதாம். நீ, நான், இந்த இட்லி எல்லாமே அந்த மிச்சம்தான் என்பார். அதனால்தான் அந்தப் பெயர். மோட்டாரை நிறுத்தச் சொல்லி வந்த வீட்டுக்காரருக்கும் இதையே விளக்கினார். அதற்குள் தொட்டி வழிந்து தண்ணீர் தெருமுனை வரை போய்விட்டது. ஒருமுறை சொந்த ஊரான செலியமேட்டுக்குப் போகிறேன் என்று நெட்டப்பாக்கம் பஸ்ஸில் மாறி ஏறிவிட்டார். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் இறக்கிவிட, கரும்புப் பூவைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் செலியமேட்டு வீட்டுக்குத்தான் அவரைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பாகூரில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். துகள் பேச்சை எடுத்தால் கிள்ளச் சொல்லி, அக்காவின் அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா என்ன படிப்பு என்று கேட்டதுதான் தாமதம், நான் கிள்ளியும் பயனில்லை. சார்ம் என்றொரு துகள், பிறந்த கணமே சிதைந்துவிடும். அதற்கு இரட்டைப் பிள்ளை மாதிரி ஓர் எதிர்த்துகள். இரண்டும் ஒன்றுபோலத்தான் சிதைய வேண்டும், ஆனால் மயிரிழை வித்தியாசம் தெரிகிறது, உலகம் மிஞ்சியது அதனாலோ என்னவோ என்று சொல்லி முடித்தார். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அந்த அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எல்லாம் சமமாவே இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"ஒண்ணும் இருந்திருக்காதும்மா. வெறும் வெளிச்சந்தான்."

அவர் தன் மகனைப் பார்த்தார். "இவங்கூட இன்னொண்ணு பொறந்துச்சு. அது போயிடுச்சு, இவன் நின்னான். ஏன்னு யாரும் எனக்குச் சொல்லல. நீங்க கண்டுபுடிச்சிட்டீங்களா?"

அக்கா கனவிலிருந்து இறங்கி வந்ததை அன்றுதான் பார்த்தேன். "இல்லம்மா. நாங்க பாத்த வித்தியாசம் ரொம்பக் கம்மி. உலகத்துக்குக் காரணம் சொல்ல அது பத்தாது. இன்னும் தேடுறோம்."

"அப்போ கண்ணாலம் ஆனாலும் இத வுட்றாதம்மா" என்றார் அவர்.

முகூர்த்தத்தன்று அக்காவுக்குப் பூ வைத்துவிட்டது நான்தான். அவர் எங்கோ பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். ஹேர்பின் நிற்கவில்லை என்று சொல்லிச் சொல்லி, என் கண் காயும்வரை அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.