மாவு மூட்டைக்கு முதல் சவாரி

மார்ச் 14, சனிக்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம்.
பலகை வாங்கிய நாளிலிருந்து இதுவரை விழுந்த எண்ணிக்கை: 41. இதில் மாவு மூட்டை 33, நான் 8, உன் மகள் 0.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எல்லாரும் சௌக்கியம் என்று தொடங்குவதுதான் முறை. நான் பார்த்த வரையில் சொல்கிறேன்: உன் மகள் குண்டூசி சௌக்கியம், அத்தான் பேக்கரியில் ராத்திரி வேலை முடித்து வந்து தூங்குகிறார், எனக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, அதனால் எழுத்து கோணலாக இருக்கும். நர்ஸ் பயிற்சிக்குப் போன இடத்தில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஃபோனில் நீ நடுவில் சிரிப்பாய். இது சிரிக்கிற விஷயம் இல்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். குண்டூசியின் ஆறாவது பிறந்தநாளுக்கு வாங்கிய ஸ்கேட்போர்டைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். இருபத்திரண்டாம் தேதி நீ வந்து இறங்கும்போது அவள் உனக்கு ஓட்டிக் காட்ட மாட்டாள். அதை அவளிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொல்ல வாயெடுத்தால் ஒரு பார்வை பார்க்கிறாள், அந்தப் பார்வையைத் தாங்குகிற மாதிரி என்னை யாரும் செய்யவில்லை.

'நல்லதாப் பார்த்து வாங்கிக் கொடுடா, நீதான் இதெல்லாம் படிச்சவன்' என்று சொல்லிவிட்டு நீ ரயிலேறிவிட்டாய். நல்லதாகத்தான் பார்த்தேன். முதலில் பொம்மைக் கடை. அங்கே ரோஸ் நிறத்தில் குதிரை படம் போட்ட ஒரு பலகை, குண்டூசி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், நான் அதைத் தலைகீழாகப் பிடித்துச் சக்கரத்தைக் கட்டைவிரலால் சுற்றிவிட்டேன், இரண்டு விநாடி கரகரவென்று சுற்றி நின்றுவிட்டது. கெட்டிப் பிளாஸ்டிக். ஒரு சின்னக் கல் பட்டால் சக்கரம் நிற்கும், பிள்ளை நிற்காது. இதை விற்பனைப் பெண்ணிடம் சொன்னேன். 'சார், மத்த பிள்ளைங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க' என்றாள். மற்ற பிள்ளைகளின் விலாசம் கொடு, போய்ச் சொல்கிறேன் என்றேன். குண்டூசி என் சட்டையை இழுத்து, 'மாமா, திட்டாத, போலாம்' என்றாள். நான் திட்டவில்லை, என் குரலே அப்படித்தான்.

அப்புறம் ஸ்கேட்போர்டு மட்டுமே விற்கிற ஒரு கடை. கடைக்காரர் காதில் வளையம் போட்டிருந்தாலும் விஷயம் தெரிந்தவர். சின்னக் காலுக்கு ஏழு அங்குல அகலம் போதும், கரடுமுரடான தரைக்கு மெத்தென்ற சக்கரம், அச்சைக் கொஞ்சம் இறுக்கி வைத்தால் பலகை ஆடாது, காலுக்குத் தட்டையான ஷூ. எல்லாம் சரி. பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

'பிரேக் எங்க?'

'இதுக்கு ஏது சார் பிரேக்.'

'அப்ப எப்படி நிறுத்துறது?'

'ஒரு காலைத் தரையில வெச்சுத் தேய்க்கணும். இல்லன்னா இறங்கிடணும்.'

'ஓடுற வண்டியில இருந்தா?'

'ஆமா சார். இது ஆறு வயசுப் பாப்பாவுக்கு. ராக்கெட்டுக்குக் கேக்குற மாதிரி கேக்குறீங்க.'

அக்கா, 'ஓடும் வண்டியிலிருந்து இறங்காதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருக்கிற பஸ்ஸுக்கெல்லாம் பிரேக் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். அப்போதே வெளியே வந்திருக்க வேண்டும். உன் மகள் அதற்குள் பலகையின் மேல் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். வாங்கிவிட்டேன். என் தப்புதான்.

தலைக்கவசத்தில் நான் எந்த விட்டுக்கொடுப்பும் செய்யவில்லை. அத்தான் கூடவே வந்து, 'வளர்ற பிள்ளை மச்சான், ஒரு சைஸ் பெருசா எடு, மூணு வருஷம் ஓடும்' என்றார். இது ஸ்கூல் யூனிஃபார்ம் இல்ல அத்தான், மடிச்சுத் தைக்க முடியாது என்றேன். தலைச் சுற்றளவு ஐம்பத்தொரு சென்டிமீட்டர். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல், தலையை ஆட்டினால் கவசம் தனியாக ஆடக் கூடாது. ஆடவில்லை. ஆனால் அவள் தலையை ஆட்டுவதை நிறுத்தவில்லை, சாப்பிடுறியா என்றாலும் ஆட்டினாள், தூங்கு என்றாலும் ஆட்டினாள்.

வாங்கினால் போதுமா, தாங்குமா என்று தெரிய வேண்டாமா. குழந்தைத் தலையின் எடைக்கு ஒரு தர்பூசணி வாங்கி, கவசத்துக்குள் வைத்து, வாரை மாட்டி, இரண்டாவது மாடியிலிருந்து போட்டேன். தர்பூசணிக்கு ஒரு கீறல் இல்லை. முழு வெற்றி. அதற்கப்புறம்தான் பெட்டியில் இருந்த சீட்டைப் படித்தேன்: பலமாக அடிபட்ட கவசத்தை மறுபடி உபயோகிக்கக் கூடாது, உள்ளே நொறுங்கியிருப்பது வெளியே தெரியாது. அதாவது, நல்லது என்று நிரூபணமான ஒரே கவசத்தை அவள் போடக் கூடாது. இரண்டாவது கவசம் வாங்கினேன். அது முதலாவது மாதிரியே தாங்கும் என்று எப்படித் தெரியும்? போட்டுப் பார்த்தால்தான் தெரியும். போட்டுப் பார்த்தால் அதுவும் போச்சு. இந்த இடத்தில் நான் இரண்டு நாள் நின்றேன். அத்தான் தர்பூசணியை வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டே, 'பலகை வாங்கிக் குடுடான்னா பாலம் கட்டுறியே மச்சான்' என்றார். சீட்டை எழுதினவனுக்கு என் கஷ்டம் புரியும், அத்தானுக்குப் புரியாது.

அடுத்து மாவு மூட்டை. உன் மகள் பத்தொன்பது கிலோ நானூறு கிராம், பேக்கரி மூட்டை இருபது கிலோ. அதைப் பலகையின் மேல் நிறுத்திக் கட்டி, மேலே இரண்டாவது கவசம், நடுவில் முழங்கால் காப்பு, பக்கவாட்டில் முழங்கை காப்பு எல்லாம் மாட்டி, நம் கட்டடத்துக் கீழ்த்தளப் பார்க்கிங்கின் சரிவிலிருந்து தள்ளிவிட்டேன். வேகம், திரும்பும் பக்கம், விழும் பக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். குண்டூசி மூட்டைக்குக் கண், மூக்கு, வாய் வரைந்து, மாவுத் தங்கச்சி என்று பேரும் வைத்தாள். முதலில் கைதட்டினாள். பத்தாவது தடவைக்குப் பிறகு படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். இருபதாவது தடவை கேட்டாள், 'மாமா, தங்கச்சி எல்லாம் ஓட்டுது. நான் எப்ப?' சோதனை முடியட்டும் என்றேன். முப்பத்து மூன்றாவது தடவை மூட்டை இடப்பக்கம் ஒதுங்கிப் போய் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கறுப்புக் காரில் மோதி வெடித்தது. கார் வெள்ளைக் கார் ஆனது. செயலாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

'என்ன தம்பி இது?'

'சோதனை சார்.'

'எதுக்கு?'

'பாதுகாப்புக்கு.'

அவர் காரைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்தார். 'யாரோட பாதுகாப்புக்கு?' என்றார்.

மூட்டை போனபின் நானே ஏறினேன். எட்டுத் தடவை. எட்டாவதில் மணிக்கட்டு. மணிக்கட்டுக் காப்பு குழந்தை அளவுதான் இருந்தது, எனக்கு அது இரண்டு விரலில்தான் நுழைந்தது. கிளினிக்கில், குழந்தையோட ஸ்கேட்போர்டில் விழுந்தது என்றேன், சீட்டு எழுதுகிற அம்மா வயசு கேட்டார். இருபத்தெட்டு என்றேன். 'குழந்தையோட வயசு சார்.' ஆறு. 'குழந்தை எங்க?' வீட்ல, நல்லா இருக்கா. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நீ இதுவரை சிரித்திருந்தால் இத்தோடு நிறுத்து. இனிமேல் எழுதுவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன்னுடைய நீல சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா. எனக்கு ஒன்பது வயசு, உனக்குப் பதினான்கு. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் அதன் முன் பிரேக்கைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். மாட்டி முடித்தபோது கையில் ஒரு நட்டு மிச்சம் இருந்தது. எங்கே இருந்து வந்தது என்று தெரியவில்லை. தேடினேன், இடமே கிடைக்கவில்லை, அதிகப்படியாகப் போட்டிருப்பார்கள் என்று நானே முடிவு செய்து காம்பஸ் டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். சாயங்காலம் நீ தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில் போனாய். திரும்பி வரும்போது தாடையைப் பொத்தியிருந்தாய், விரலிடுக்கெல்லாம் ரத்தம். ஐந்து தையல். அப்பா கேட்டபோது 'கல்லு தடுக்கிருச்சு' என்றாய், சொல்லும்போது என்னைப் பார்த்தாய். காட்டிக் கொடுக்காமல் விட்டாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த நட்டு இப்போதும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பணிமனையில் ஒவ்வொரு பஸ்ஸையும் இரண்டு தடவை பார்க்கிறேன், ஏன் தம்பி இவ்வளவு நேரம் என்று மேலாளர் கேட்டால் பழக்கம் சார் என்கிறேன். பழக்கம் இல்லை. உன் தாடைதான். நீ ஃபோனில் வீடியோ போட்டுப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் தெரிவது அந்தத் தழும்பு. இப்போது பிரேக்கே இல்லாத ஒரு வண்டியில் உன் மகளை ஏற்றி என் கையாலேயே தள்ளிவிடச் சொல்கிறாய். இருபது நாள் பார்த்துவிட்டேன், என்னால் முடியவில்லை. அவள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பரவாயில்லை, அந்த முகம் முழுசாக இருக்கட்டும்.

இரண்டாவது கவசமும் மூட்டையோடு போனதால் வாங்கிய மூன்றாவது கவசம் பெட்டியிலேயே இருக்கிறது. அதையும் கொடுத்துவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். உன் வார்டில் எல்லாருக்கும் சீக்கிரம் குணமாகட்டும். அத்தான் விசாரித்ததாக எழுதச் சொல்லியிருப்பார், விழித்திருந்தால்.

இப்படிக்கு,
உன் தம்பி.

பின்குறிப்பு: நேரம் 12 மணி 25 நிமிடம். மேலே எழுதியது எதுவும் செல்லாது. கிழித்துப் போட்டிருப்பேன், இந்தக் கையோடு மறுபடி எழுத முடியாது. கையெழுத்துப் போடும்போதே கீழே ஒரு சத்தம் கேட்டது. மெத்தென்ற சக்கரம் சிமென்ட் தரையில் உருளும் சத்தம், எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அத்தானின் கட்டில் காலி. மூன்றாவது கவசத்தின் பெட்டியும் காலி. கீழே ஓடினேன். தூங்குகிற அத்தான் சரிவின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எந்த வண்டியையும் உள்ளே விடாமல் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். உன் மகள் எல்லாக் காப்பும் மாட்டி, வாருக்கும் தாடைக்கும் நடுவே சரியாக ஒரு விரல் இடம் விட்டு, நாலாவது தூணிலிருந்து ஏழாவது தூண் வரைக்கும் நின்றுகொண்டே வருகிறாள். நான் 'நில்லுடி' என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தாள், விழுந்தாள். முழங்கை காப்பில் ஒரு கோடு. எழுந்துவிட்டாள்.

'நான் நல்லாத்தான் வந்தேன் மாமா. நீ கத்தினதுல விழுந்தேன்.'

'எத்தனை நாளா இது?'

'அஞ்சு நாளா. நீ வேலைக்குப் போனதும்.'

'எத்தனை தடவை விழுந்த? தலை பட்டுச்சா?'

'தலை படல. எத்தனைன்னு எண்ணல. விழுந்தா எந்திரிக்கணும்ல, அப்ப எப்படி எண்றது?'

அத்தான், 'நீ லெட்டர் எழுதினா ரெண்டு மணி நேரம் ஆகும்னு நெனச்சோம் மச்சான், சீக்கிரம் முடிச்சுட்டியே' என்றார். நான் உன் மகளின் காப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். அவள் என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் மாமா இவ்வளவு பயப்படுற என்றாள். உங்கம்மா தாடைத் தழும்பு இருக்குல்ல, அது மாதிரி உனக்கும் ஆயிடக் கூடாதுன்னுதான் என்றேன். அவள் அப்பாவைப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னாள்: 'அது அம்மா ரெண்டு கையையும் விட்டுட்டு, கண்ணையும் மூடிட்டு ஓட்டினதாம். பிரேக்கே பிடிக்கலியாம். தாத்தாவுக்குத் தெரிஞ்சா அடி விழும்னு கல்லுன்னு சொல்லிட்டாளாம். நீ பார்த்துட்டியோன்னு உன்னைப் பார்த்தாளாம். ரகசியம் மாமா, சொல்லாத.'

பத்தொன்பது வருஷம் அக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. நானும் சொல்லியிருக்கலாம், அது வேற. இனி செய்யப் போவது:

1. பலகையைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.
2. மூன்றாவது கவசத்தைச் சோதிக்கப் போவதில்லை. அது ஒரு தலையில் இருக்கிறது.
3. செயலாளரின் காரை இன்று கழுவப் போகிறேன், ஒற்றைக் கையால்.
4. இருபத்திரண்டாம் தேதி ஏழாவது தூணுக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறேன். கத்த மாட்டேன்.
5. அந்த நட்டை உன் கையில் கொடுக்கப் போகிறேன். அது பிரேக்குடையதே இல்லை, சைக்கிள் மணி மூடியின் நட்டாகக்கூட இருக்கலாம்.
6. மேலே போட்ட எண்ணிக்கையில் '0' தப்பு, சரியான எண் யாருக்கும் தெரியாது. எனவே எண்ணுவதை நிறுத்தப் போகிறேன். இப்போது கீழே இன்னொரு சத்தம் கேட்டது. நாளையிலிருந்து நிறுத்தப் போகிறேன்.