மட்டாஞ்சேரியில் நான் தின்ற களி

எனக்கு மலையாளம் தெரியாது. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு முப்பத்தோரு வயது ஆக வேண்டியிருந்தது. மட்டாஞ்சேரியில் மழைக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டியிருந்தது. ஒரு தெருவின் மானத்தையே வாங்க வேண்டியிருந்தது.

நம்மாட்களுக்குப் பொதுவாகவே ஒரு நினைப்பு உண்டு. தமிழைக் கொஞ்சம் மூக்கால் பேசினால் அது மலையாளம், அவ்வளவுதான் என்று. அந்த நினைப்பில் நான் முதல் பெஞ்சுக்காரன். கோயம்புத்தூரில் தண்ணீர் பம்ப் விற்கிற கம்பெனியில் எனக்கு வேலை. பாலக்காட்டு வியாபாரிகளோடு போனில் பேசிப் பேசி, நான் மலையாளத்தில் பெரிய பண்டிதன் என்று நானே முடிவு பண்ணி வைத்திருந்தேன். (அத்தனை பேரும் என்னிடம் தமிழில்தான் பேசினார்கள் என்பது பிற்பாடுதான் உறைத்தது.)

கோமதிக்குக் கடல் பார்க்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை எர்ணாகுளத்துக்கு டிக்கெட் போட்டு, இரண்டு தடவையும் ஆபீஸ் வேலை என்று நான் ரத்து செய்தேன். மூன்றாவது தடவை ஜூன் மாதத்தில் போட்டேன்.

"ஜூன்ல அங்க மழை கொட்டுமேங்க. என் ஹாஸ்டல் ரூம்மேட் கோட்டயத்துக்காரி, அவ சொல்லி..."

"எனக்குத் தெரியாதா கோமதி? கேரளாவுல என் கால் படாத இடமில்ல."

எர்ணாகுளத்தில் ரயில் நின்றபோது நடைமேடைக் கூரையிலிருந்து தண்ணீர் திரைபோட்ட மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. கோமதி 'சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுச் சமாளித்திருப்பேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "நான் சொல்றதை ஒரு தடவையாவது முழுசா கேட்டிருக்கீங்களா? இந்த நாலு நாள்ல ஒரே ஒரு தடவை கேளுங்க. கடல்கூட வேணாம், அது போதும் எனக்கு."

கேட்கிறேன் என்று சத்தியம் பண்ணினேன். அவள் முகத்தைப் பார்த்தபோது, இதையும் கோட்டை விட்டால் வீட்டில் நிலைமை மோசமாகிவிடும் என்று எனக்கே பயமாக இருந்தது.

நாங்கள் தங்கிய வீடு மட்டாஞ்சேரியில் ஒரு சந்துக்குள். வீட்டுக்காரர் பெயர் முருகேசன். மூன்று தலைமுறைக்கு முன்னால் மிளகு வியாபாரத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். மாடி அறையை எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, கீழே அவரும் மனைவி ஷீலா சேச்சியும் இருந்தார்கள். "வாங்க சார், சாயா குடிக்கலாம். நாமெல்லாம் ஒரே ஆள்க்காரங்க அல்லே" என்று அவர் சொன்னபோது, ஊர் விட்டு ஊர் வந்தும் தமிழை விடாத மனிதர் என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

முதல் இரண்டு நாள் மழை விட்ட பாடில்லை. நான் உற்சாகமாக ஒரு நிகழ்ச்சி நிரலே போட்டேன். காலையில் அறையிலிருந்த படத் துண்டுகளைச் சேர்த்து ஒரு கப்பலை உண்டாக்குவது. (கப்பலுக்கு முன்பாதி மட்டும் இருந்தது.) மத்தியானம் தாயக்கட்டை இல்லாத லூடோ. சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்த ஆட்டோ பள்ளத்தில் இறங்கும் என்று பந்தயம். கோமதி எல்லாவற்றுக்கும் கூடவே உட்கார்ந்தாள். பேசத்தான் இல்லை.

இரண்டாம் நாள் மாலை முருகேசன் அண்ணன் மாடியேறி வந்தார். "சார் நாளைக்கும் அகத்தே அடைஞ்சு கெடக்க வேண்டா. மத்தியானம் நம்ம வாயனசாலைல களி இருக்கு. பக்கத்து ஊர் பள்ளுருத்திக்காரங்க வராங்க. நீங்களும் கூடணும்."

"களியா?"

"களிதான். மழைக்காலம் வந்தா எல்லா வருஷமும் உண்டு. சாருக்குப் பழக்கம் உண்டா?"

தருமபுரிக்காரனைப் பார்த்துக் களி பழக்கம் உண்டா என்று கேட்கிறார். உண்மையைச் சொன்னால், அம்மா தினமும் கிண்டிய கேழ்வரகுக் களிக்குப் பயந்துதான் நான் கோயம்புத்தூருக்கே வேலை தேடி ஓடினேன். ஆனால் மூன்று தலைமுறையாகக் களியை விடாத குடும்பத்திடம் அதைச் சொல்ல மனசு வருமா? வாயனசாலை என்பதையும் நானே பிரித்துப் பொருள் கண்டுவிட்டேன். வாய்க்கு உள்ள சாலை, அதாவது சாப்பாட்டுக் கூடம்.

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? பொறந்ததுலேருந்தே களிதான். எங்க ஊர்ல என்னைய மிஞ்ச ஆளில்ல. உக்காந்தா ஒரே மூச்சுல நாலு உள்ள தள்ளிட்டுத்தான் எழுந்திரிப்பேன்."

"ஒரே மூச்சுல நாலா?" அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் குரலே மாறியிருந்தது. "சார், அஞ்சு வருஷமா நம்ம தெரு பள்ளுருத்திகிட்ட தோத்துட்டு இருக்கு. என்கூட இருக்கற ஆளுக்குப் பனி புடிச்சுக் கெடக்கு. நாளைக்கு எப்படின்னு தூக்கமே இல்லாம இருந்தேன். கடவுளாப் பாத்து உங்கள அனுப்பியிருக்கார்." (பனி என்றால் அங்கே காய்ச்சல். குளிருக்குப் பயந்த ஆள் போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.)

"என்னங்க, இங்க களின்னா..." என்றாள் கோமதி.

"இரு கோமதி, முக்கியமா பேசிட்டிருக்கோம்ல."

சத்தியம் பண்ணி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அண்ணன் விதிமுறைகளைச் சொன்னார். "வெள்ளை ஒம்பது, கறுப்பு ஒம்பது, சிவப்பு ஒண்ணு. சாருக்குத் தெரியாததா."

தெரியாமல் என்ன? வெள்ளை பச்சரிசிக் களி. கறுப்பு கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. சிவப்பு நம்ம கேழ்வரகு. ஆனால் ஒன்பது என்பது எனக்கே அதிகம். "ஒரு ஆளுக்கு ஒம்பதாண்ணே?"

"ஏய், ரெண்டு பேருக்கும் கூடி ஒம்பது. சார் நாலு உள்ள போட்டா மதி. மிச்சம் நான் பாத்துக்கறேன்." (மதி என்றால் போதும். இது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததுதான் வினை.) "சிவப்பு மட்டும் சூட்சுமம், கேட்டோ. அது உள்ள போனா, பின்னாலேயே இன்னொண்ணு உள்ள போகணும். இல்லேன்னா சிவப்பு வெளிய வந்துடும்."

"வந்துடுமா?"

"வரும். வந்தா அதை எடுத்துத் திரும்ப நடுவுல வைப்பாங்க."

எனக்குக் குமட்டியது. இருந்தாலும் ஊருக்கு ஊர் ஒரு வழக்கம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, "தொட்டுக்க என்னண்ணே?" என்று கேட்டேன்.

"தொடக்கூடாது சார். தொட்டா தப்பு."

"தொட்டுக்காம எப்படிண்ணே உள்ள எறங்கும்?"

"பொடி போடுவோமே. நல்லா பொடி போட்டா தானே வழுக்கிட்டுப் போகும்."

பருப்புப் பொடி போட்டுக் களி. புது மாதிரியாக இருந்தது.

அவர் போனதும் கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். "ஒரு நிமிஷம் கேளுங்க. மலையாளத்துல களின்னா..."

"அவர் பேசினது தமிழ். முருகேசன்னு பேர் வச்சவர் மலையாளமா பேசுவாரு? எனக்கு நீ மலையாளம் சொல்லிக் குடுக்கறியா?"

கோமதி முந்தானையை எடுத்தாள். சிரிப்பு போயிருந்தது. "சரிங்க. நாளைக்குக் காலைல ஒண்ணும் சாப்பிடாதீங்க. அப்பதான் நாலு எறங்கும்" என்றாள். அவளுடைய கரிசனத்தை நினைத்து நான் உருகிப்போனேன்.

மூன்றாம் நாள் காலை ஷீலா சேச்சி புட்டும் கடலைக் கறியும் வைத்திருந்தார். வாசனை மாடிவரை வந்தது. நான் வெறும் தண்ணீர் குடித்தேன். கோமதி இரண்டு குழாய்ப் புட்டு சாப்பிட்டாள். வயிற்றை இறுக்காமல் இருக்க பேண்டுக்குப் பதில் வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

வாயனசாலை மாடியில் தெருவே கூடியிருந்தது. அலமாரிகள் நிறையப் புத்தகம். (வாயன என்றால் வாசிப்பு. வாசகசாலையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.) நடுவில் தாழ்வாகத் தொங்கும் விளக்கு, அதன் கீழே பளபளவென்று ஒரு சதுரப் பலகை, சுற்றி நாலு நாற்காலி. களியைக் கொட்ட அருமையான பலகை என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். எனக்கு எதிரில் அமர்ந்த முருகேசன் அண்ணன் பலகைமேல் வெள்ளைப் பொடியைத் தூவினார். நான் ஒரு சிட்டிகை தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை, காரமில்லை. பள்ளுருத்திக்காரர் இருவரும் மிரண்டுபோய்ப் பார்த்தார்கள். இது ஏதோ தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களின் வழக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணன் பலகை நடுவில் காய்களை வட்டமாக அடுக்கினார். வெள்ளை ஒன்பது. கறுப்பு ஒன்பது. மத்தியில் ஒரு சிவப்பு.

கேரம் போர்டு.

மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு.

பின்வரிசை பெஞ்சில் ஷீலா சேச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமதியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் "நம்ம சார் ஒரே மூச்சுல நாலு போடுவார்" என்று அண்ணன் பெருமையாக அறிவித்துவிட்டார். கைதட்டினார்கள். கடைசியாக நான் கேரம் ஆடியது எட்டாம் வகுப்பில். அதிலும் எனக்குப் பொடி போடுகிற வேலைதான்.

என் முதல் அடியில் ஸ்ட்ரைக்கர் பலகையைத் தாண்டிப் பறந்து வாயனசாலைத் தலைவரின் சாயா கிளாசில் விழுந்தது. இரண்டாவது அடியில் எதிராளியின் இரண்டு காய்களை உள்ளே போட்டுக் கொடுத்தேன். ஏழாவதோ எட்டாவதோ, தெரியாத்தனமாகச் சிவப்பு உள்ளே போய்விட்டது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. பின்னாலேயே இன்னொன்று போக வேண்டும். போயிற்று. என் ஸ்ட்ரைக்கர் போயிற்று. சிவப்பை வெளியே எடுத்து நடுவில் வைத்தார்கள். அந்த அமைதியில் என் வயிறு இரைந்தது அத்தனை பேருக்கும் கேட்டது.

எங்கள் தெரு அதுவரை அவ்வளவு கேவலமாகத் தோற்றதில்லையாம். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "சாரமில்ல சார். இன்னிக்குக் கை சரியில்ல, அவ்வளவுதான்" என்றார். (சாரமில்ல என்றால் பரவாயில்லை.) திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"எனக்கு மலையாளம் தெரியாது" என்றேன்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பச்சரிசி, உளுந்து, கேழ்வரகு, பருப்புப் பொடி என்று வரிசையாக ஒப்பித்தேன். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் நான் சொன்னதையெல்லாம் தண்ணீர் ஓடுகிற மாதிரி மலையாளத்தில் சொல்லத் தொடங்கியது. கோமதி. மூன்று வருஷம் அந்தக் கோட்டயத்துக்காரியோடு ஒரே அறையில் இருந்தவள். அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல மாடியே அதிர்ந்தது. பள்ளுருத்திக்காரர் ஒருவர் சிரிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். முருகேசன் அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. என் பெண்டாட்டிக்கு மலையாளம் தெரியும் என்பது கல்யாணமாகி இரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது. அவள் மறைக்கவில்லை. நான்தான் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கேரமில் தோற்றதற்காக இல்லை.

மறுநாள் ஷீலா சேச்சி, பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்கு வைத்திருந்த கேழ்வரகு மாவை வாங்கி வந்து, கோமதியிடம் கேட்டுக் கேட்டுக் களி கிண்டினார். வாழையிலையில் நாலு உருண்டை. பார்க்கத் தெருவே வந்திருந்தது, பள்ளுருத்திக்காரர்கள் இருவர் உட்பட. பொடி டப்பாவையும் மறக்காமல் இலையோரம் வைத்திருந்தார்கள்.

முதல் உருண்டையை எப்படியோ விழுங்கினேன். அது தொண்டையில் நின்றுகொண்டு, இறங்கலாமா ஏறலாமா என்று யோசித்தது. கண் பிதுங்கிக் கோமதியைப் பார்த்தேன்.

"சிவப்பு உள்ள போயாச்சு" என்று முருகேசன் அண்ணன் அறிவித்தார். "பின்னாலேயே ஒண்ணு போகணும். இல்லேன்னா வெளிய வரும்."

கோமதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இலையிலிருந்து அடுத்த உருண்டையை எடுத்து, மெல்லாமல், தருமபுரி மருமகளுக்கே உரிய லாவகத்தோடு விழுங்கினாள். "போட்டாச்சு" என்றாள். தெரு கைதட்டியது. மிச்சம் இரண்டையும் அவளே சாப்பிட்டாள்.

அன்று மாலை மழை கொஞ்சம் குறைந்தது. ஒரே குடையில் கடற்கரைக்குப் போனோம். கடல் சேற்று நிறத்தில் இருந்தது. கோமதி அந்த ஹாஸ்டல் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள், நடுவில் நிறுத்தாமல். நான் கேட்டேன். என் இடது தோள் முழுக்க நனைந்துவிட்டது. அதைக்கூட நான் சொல்லவில்லை.

இப்போதும் ஜூன் பிறந்தால் முருகேசன் அண்ணன் போன் பண்ணுவார். "களிக்கு வரணும்" என்பார். கோமதியைத்தான் கூப்பிடுகிறார். போன வருஷம் அவளும் அண்ணனும் சேர்ந்து ஆடி, பள்ளுருத்தியிடம் கௌரவமாகத் தோற்றார்கள். நான் பொடி போட்டேன்.

வீட்டில் நான் எதற்காவது "எனக்குத் தெரியாதா" என்று ஆரம்பித்தால் கோமதி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "களியா?" என்பாள். அவ்வளவுதான், வாயை மூடிக்கொள்வேன். எங்கள் மகளுக்கு மூன்று வயது. அவளும் இதைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை களி என்பது தின்பதும் இல்லை, ஆடுவதும் இல்லை. 'அப்பா, அம்மா பேசுறாங்க, கேளு' என்று அர்த்தம்.