பாயசம் குடிக்காத ஜவ்வரிசி புரோக்கர்

மாவை விற்றுப் பிழைத்துக்கொண்டே மாவுக்குப் பயந்து வாழும் மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ராசிபுரத்தில் இருக்கிறார். நான் குமாஸ்தாவாக இருந்த லாரி புக்கிங் ஆபீசுக்கும் அவருடைய அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அவர் தும்மினால் என் மேஜை ஆடும்.

அவருடைய நிஜப் பெயர் ஊரில் யாருக்கும் நினைவில்லை. நாக்கண்ணன் என்றால் பஸ் கண்டக்டர்கூட வழி சொல்வார். தொழில், ஜவ்வரிசி புரோக்கர். ஜவ்வரிசி தயாரிக்கும் சுற்றுவட்டாரத்து சேகோ மில்களிலிருந்து அவருக்கு சாம்பிள் பொட்டலங்கள் வரும். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கிழங்கு மாவை உருட்டி வறுத்துக் காயவைத்த அந்த முத்துகளில் நாலைந்தை எடுத்து வாயில் போட்டு ஒரு கடி கடிப்பார். கண்ணை மூடுவார். எந்த மில் சரக்கு, எவ்வளவு ஈரம், பழைய மாவு கலந்திருக்கிறதா என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். மில் முதலாளிக்கும் அவர் மனைவிக்கும் அன்று காலையில் நடந்த சண்டையையும் சொல்வார் என்று எங்கள் டிரைவர்கள் சத்தியம் செய்வார்கள். அவர் தலையசைத்தால் லோடு மகாராஷ்டிரத்துக்குக் கிளம்பும். முகம் சுளித்தால் எங்கள் லாரி அன்றைக்கு வெயில் காயும்.

ஒரு நாள் சேலத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தவர், படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார்.

“பாருங்க சாமி, என் கிட்னி பூரா ஜவ்வரிசி. அதுவும் பெரிய ரகம்.”

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. இரண்டு சிறுநீரகத்திலும் உருண்டை உருண்டையாக நீர்க்கட்டிகள். அவருடைய அம்மா அந்த வியாதியில்தான் போனார். அக்காவுக்கும் அதுவே வந்து, வாரத்துக்கு மூன்று முறை சேலத்தில் டயாலிசிஸ். பரம்பரையாக வருவது இப்போது இவரிடம் வந்திருந்தது. கட்டிகள் வளர்வதை எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம் என்பதுதான் இனி அவருடைய கவலை.

மாவுச்சத்தை அறவே விட்டு, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் கீட்டோ உணவு கட்டியைத் தடுக்கும் என்று அவர் செல்போனில் பார்த்துத் தொலைத்தார். மறுநாளே காலையில் அரை டஜன் நாமக்கல் முட்டை, மத்தியானம் ஆட்டுக்கறி, ராத்திரி நாட்டுக்கோழி என்று இறங்கிவிட்டார். கிட்னி டாக்டர் கேள்விப்பட்டு, புரதத்தை இப்படி அள்ளித் தின்றால் கிட்னிதான் வாங்கிக் கட்டிக்கொள்ளும் என்று ஏகத்துக்கும் திட்டினார். எலிகளுக்கு இந்த உணவைக் கொடுத்துப் பார்த்ததில் கட்டி வளர்வது குறைந்தது, மனிதர்களில் கொஞ்சம் பேரிடம்தான் பார்த்திருக்கிறார்கள், உறுதி எதுவும் சொல்ல முடியாது, ஆசைப்பட்டால் எங்கள் கண் பார்வையில் அளவோடு செய்யுங்கள் என்றாராம். (இதைப் படித்துவிட்டு நெய் டின்னைத் தேடப் புறப்படும் வாசகர்கள் முதலில் டாக்டரைத் தேடும்படி கேட்டுக்கொள்கிறேன்.)

நாக்கண்ணன் இத்தனையிலும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“எலிக்கு நல்லாயிருந்துச்சாமுங்க. நான் என்னங்க, எலியவிட ஒசத்தியா?”

சொன்னவர் சட்டென்று கவலையாகிவிட்டார். “ஏனுங்க சாமி, நம்ம குடோன் எலியெல்லாம் ராவும் பகலும் ஜவ்வரிசியே தின்னுதுங்களே, அதுங்க கிட்னி என்னாவறது?” அன்றிலிருந்து குடோனில் எலிப்பொறி வைப்பது சரக்கைக் காப்பாற்ற இல்லை, எலியைக் காப்பாற்ற என்று விளக்கம் கொடுத்தார்.

உணவு அளந்து கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருந்தார். வயதில் இவர் மகள் மாதிரி. இவர் அவரை டீச்சர் என்றுதான் சொல்வார். டீச்சர் சொன்னபடி தேங்காய், கீரை, அளவாக முட்டை, எல்லாவற்றின் மேலும் ராசிபுரத்து நெய். நெய்க்கடைக்காரர் இவரைக் கண்டால் எழுந்து நிற்க ஆரம்பித்தார். உடம்பு மாவை விட்டுக் கொழுப்பை எரிக்கிறதா என்று பார்க்க விரல் நுனியைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன மெஷினில் வைப்பார். எண் நன்றாக வந்தால் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிடுவார். அப்படி ஒரு நாள் எண்ணைப் பார்த்து அவர் பூரித்துப் போயிருக்கும்போது உள்ளே வந்த ஆத்தூர் வியாபாரி, குரலைத் தாழ்த்தி அது நாளைய ரேட்டா என்று என்னிடம் கேட்டார்.

தொழிலில்தான் சிக்கல் வந்தது. கடிக்காமல் சரக்கைச் சொல்ல முடியாது, விழுங்கினால் டீச்சர் விடமாட்டார். எனவே கடித்துவிட்டுத் துப்பினார். துப்புவதைப் பார்த்த மில்காரர்கள் எங்கள் சரக்கில் என்ன குறை என்று சண்டைக்கு வந்தார்கள். கொல்லிமலைச் சாமிக்கு ஒரு வேண்டுதல், ஜவ்வரிசியை விட்டிருக்கிறேன் என்று இவர் எல்லோரிடமும் புளுகினார். வடக்கே விரதம் என்றால்தான் ஜவ்வரிசி சாப்பிடுவார்கள். அவர்களுக்கு லோடு அனுப்புகிற இவருக்கு ஜவ்வரிசி சாப்பிடாமலிருப்பது விரதம். விசேஷ வீடுகளில் பாயசம் வந்தால் டம்ளரை நைசாக என் இலைப் பக்கம் தள்ளி, “எனக்கும் சேத்து நீங்க குடிச்சிருங்க சாமி” என்பார். அந்த வருஷம் என் பேன்ட் எதுவும் எனக்குச் சேரவில்லை.

புளுகியது அக்காவின் உத்தரவால். குடும்ப வியாதி என்று வெளியே தெரிந்தால் தன் மகளை எவன் கட்டுவான் என்று அந்த அம்மாள் எங்கள் இருவர் வாயையும் பூட்டி வைத்திருந்தார். தன் டயாலிசிசையே ஊருக்குள் ‘சேலத்தில் கால்வலி வைத்தியம்’ என்று சொல்லி வந்தார்.

அக்காவைக் காரில் கூட்டிப் போவது நாக்கண்ணன்தான். சேலத்தில் வேலை இருந்தால் நானும் தொற்றிக்கொள்வேன். ஒரே வியாதி, ஆனால் வைத்தியம் நேர்மாறு. இவர் நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்காவுக்கோ உடம்பில் தண்ணீர் தங்கிவிடும் என்பதால், நாளுக்கு அளந்து ஊற்றிய கொஞ்சம்தான். மல்லூர் தாண்டியதும் காரை ஓரங்கட்டி, டயரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்குவார். காருக்குப் பின்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறுவார். இத்தனை தடவை சோதிக்கப்பட்ட டயர் தமிழ்நாட்டில் வேறு இருக்காது.

“அவுங்க நாக்கு வறண்டு கெடக்கையில நாம எப்படிங்க சாமி அவுங்க முன்னால குடிக்கறது?” என்று என்னிடம் கேட்டார். 

இந்த நிலையில் பெரிய சேகோ மில் முதலாளி ஒருவரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பந்தியில் அவருடைய மில் ஜவ்வரிசியிலேயே பாயசம். நான் வழக்கம்போல் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஆனால் முதலாளியே தன் கையால் டம்ளரை நிறைத்துக்கொண்டு வந்து நாக்கண்ணன் எதிரில் நின்றுவிட்டார். எதிர் வரிசையில் வடக்கேயிருந்து வந்த வியாபாரிகள். ஒரு வாய் குடித்துவிட்டு உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றார்.

நாக்கண்ணன் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேண்டுதல் என்று முணுமுணுத்தார். கல்யாண வீட்டில் கொடுத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது என்றார் முதலாளி. குடித்துத் தொலையுங்கள், ஒரு மடக்கில் ஒன்றும் ஆகாது என்று நான் காதைக் கடித்தேன். அவர் டம்ளரைத் தொடவில்லை. நாக்கண்ணன் வேண்டாமென்றுவிட்டார் என்ற பேச்சு பந்தி முனைவரை போனது. எதிர் வரிசையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். ஒருவர் லோடை நிறுத்தச் சொல்லச் செல்போனை எடுத்தேவிட்டார்.

“ஏனுங்க, எம் பொண்ணு கல்யாணத்துல வெச்சு என் பொழப்பக் கெடுக்கறீங்களே” என்றார் முதலாளி. 

நாக்கண்ணன் எழுந்தார். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“சரக்குல ஒரு கொறையும் இல்லீங்க. முத்து ஒண்ணுகூடக் கரையாம கண்ணாடியாட்ட நிக்குது, பாத்தாலே தெரியுது. எனக்குத்தானுங்க ஆகாது. எங்கம்மாவுக்கு வந்த கிட்னி வியாதி, எங்கக்காவுக்கும் வந்து, எனக்கும் வந்திருச்சு. மாவையே தொடறதில்லீங்க. வேண்டுதலெல்லாம் பொய்யி.”

சொல்லிவிட்டு, ஊரே பார்க்க டம்ளரை என் கையில் கொடுத்து உட்கார்ந்தார். நானும் ஊரே பார்க்கக் குடித்தேன். எதிர் வரிசையிலும் டம்ளர்கள் மேலே எழுந்தன. முதலாளி நாக்கண்ணன் தோளைத் தட்டிவிட்டு, அடுத்த இலைக்குப் பாயசம் ஊற்றப் போனார்.

மறுநாள் டயாலிசிஸ். துணைக்கு வாருங்கள் என்று கெஞ்சி என்னை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டார். செய்தி ராத்திரியே அக்காவுக்குப் போயிருந்தது. அந்த அம்மாள் பின் சீட்டில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினார். நாக்கண்ணன் கியர் மாற்றும் சத்தத்துக்கே நடுங்கினார். மல்லூர் தாண்டியதும் பழக்கதோஷத்தில் வண்டியை ஓரங்கட்டினார்.

“டயரப் பாத்துட்டு வந்தர்றேனுங்க அக்கா.”

“உக்காரு. டயருக்கு ஒண்ணும் இல்ல” என்றார் அக்கா. “நீ பொறத்தால போயித் தண்ணி குடிக்கறது சைடு கண்ணாடியில ஒவ்வொரு தடவயும் தெரியுது.”

நாக்கண்ணன் கதவுக்குக் கொண்டுபோன கையை ஸ்டீரிங்குக்கே திரும்பக் கொண்டுவந்தார்.

“ஊருக்கே சொல்லீட்ட. இனி மறைக்கறதுக்கு என்ன கெடக்குது? எம் புள்ளையக் கட்டறவன் தெரிஞ்சே கட்டட்டும். பாட்டில எடு. எம் முன்னாடியே குடி.”

அவர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்தும் வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தார்.

அக்கா முன்னால் சாய்ந்து அவர் தலையைத் தொட்டார். “எனக்கும் சேத்துக் குடி சாமி.”

அவர் குடித்தார். கண்ணிலிருந்து வழிந்ததும் வாயிலிருந்து வழிந்ததுமாக ஒரே ஈரம். நடுவில் நிறுத்தினால் அக்கா இன்னும் என்றார். பாட்டில் காலியாகும்வரை அந்த அம்மாள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இப்போது சேலத்துக்கே குடி வந்துவிட்டேன். போன ஸ்கேனில் கட்டிகள் அவ்வளவாக வளரவில்லையாம். சாப்பாட்டினாலா, தண்ணீரினாலா, யோகமா என்று டாக்டர் சொல்ல மறுக்கிறார். குடோன் எலிகளும் சௌக்கியம் என்று நாக்கண்ணன் போன் செய்து சொன்னார். எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் நான் முதலில் பக்கத்து இலையைத்தான் பார்க்கிறேன். அவர் இருந்தால் எனக்கு இரண்டு டம்ளர் பாயசம். இல்லாவிட்டால் ஒன்றுகூட இறங்குவதில்லை.