வில்ஃபின் புறாக்கூடும் சிவப்புச் சீட்டும்

ஹெப்வர்த் வீட்டுப் பாய்லரை நிறுத்திவிட்டார்கள். நவம்பர் மாதம். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊர்க் குளிர். தொடாதே என்று சிவப்புச் சீட்டு வேறு ஒட்டிவிட்டுப் போனார்கள்.

தப்பு வில்ஃப் ஹெப்வர்த்தின் மேல். அவர் மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பாய்லர் கேஸில் ஓடுவது. சமையலறை அலமாரிக்குள் இருந்தது. வீட்டுக்குச் சூடும் குளிக்க வெந்நீரும் அதன் தயவு. புகைக்குழாய் பின்சுவரைத் துளைத்துத் தோட்டத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இடம் எப்போதும் வெதுவெதுப்பு. நாற்பது வருஷம் பஸ் டிப்போவில் இன்ஜின் பார்த்த மூளை சும்மா இருக்குமா? வில்ஃப் தன் பந்தயப் புறாக்களுக்கு அங்கேயே கூடு கட்டினார். கம்பிவலைக்கும் குழாய் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி.

பதினோரு புறாக்கள். அந்த வருஷம் பந்தயத்தில் ஒன்றுகூட நேரத்துக்குக் கூடு திரும்பவில்லை. ஒன்று பஸ் பிடித்து வந்ததாகப் புறாப் பந்தய க்ளப்பில் பேசிக்கொண்டார்கள். வில்ஃப் தீனிக்காரனைத் திட்டினார்.

வருஷத்துக்கு ஒருமுறை பாய்லரைச் சோதிக்க ஆள் வரும். போன வருஷம் வந்தவன் கூட்டைப் பிரிக்கச் சொன்னான். நாளைக்கே என்றார் வில்ஃப். பிரிக்கவில்லை. இந்த வருஷம் ஆளையே வரவிடுவதில்லை என்று முடிவு. வியாழக்கிழமை மனைவி டோரீன் முடி அலங்காரத்துக்குப் போவாள். அவள் தலை மறைந்ததும் போனில் சோதனையை ரத்து செய்தார். பிறகு ஒரு கோப்பையில் டீ போட்டுத் தானே குடித்தார். கழுவாமல் தொட்டியில் வைத்தார். வேலைக்கு வந்த ஆளுக்கு டீ கொடுக்காத வீடு அந்த ஊரில் கிடையாது. கோப்பை இல்லையென்றால் ஆள் வரவில்லை என்று டோரீன் கண்டுபிடித்துவிடுவாள்.

டோரீன் வந்தாள். கோப்பையைப் பார்த்தாள்.

"ஆள் வந்தானா?"

"வந்தான். பாத்தான். போனான்."

"என்ன சொன்னான்?"

"பாய்லர் கல்லு மாதிரி இருக்காம்."

"பிஸ்கட் குடுத்தியா?"

"நாலு தின்னான்."

"நாலா! மூஞ்சி எப்படி?"

"குட்டையா இருந்தான். பெரிய மீசை. பேரு டெரெக். பொண்டாட்டி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கிறாளாம். பொலம்பிட்டுப் போனான்."

"பாவம். நீ ஆறுதல் சொன்னியா?"

"எனக்கும் அதே கதைதான்னு சொன்னேன்."

அழைப்புமணி அடித்தது. வாசலில் ஒரு பெண். நெட்டையானவள். கையில் கருவிப்பெட்டி.

"ஷெரில். பாய்லர் சோதனைக்கு வந்திருக்கேம்மா. நாலு மணிக்கு மாத்தச் சொல்லியிருந்தீங்களே?"

சோதனைக்குப் பதிந்ததே டோரீன் பெயரில்தான். ரத்தான செய்தி நேராக அவள் கைபேசிக்குப் போயிருந்தது. முடிக்குச் சுருள் போட்டுக்கொண்டே நேரத்தை மாற்றிவிட்டாள்.

"வில்ஃப், உன் டெரெக் திரும்பி வந்துட்டான்" என்றாள். "மீசையை எடுத்துட்டான் போல."

ஷெரில் பாய்லரைப் பார்த்தாள். வெளியே போய்க் குழாயைப் பார்த்தாள். வாயில் இறகும் வைக்கோலும் அடைத்துக் கிடந்தன. கருவியை நீட்டி அளந்தாள். முகம் மாறியது.

"விஷவாயு மணி வெச்சிருப்பீங்களே, எங்க?"

"டிராயர்ல" என்றார் வில்ஃப்.

"டிராயர்லயா?"

"சும்மா சும்மா கத்துச்சு. பேட்டரியை ரேடியோவுல போட்டுட்டேன்."

"அது சும்மா கத்தலைங்க அய்யா. புகை போக வழியில்லாம வீட்டுக்குள்ள திரும்புது. வீட்டுல யாருக்காவது தலைவலி உண்டா?"

"எனக்கு இருக்கு" என்றாள் டோரீன். "கல்யாணம் ஆனதுலேர்ந்து."

ஷெரில் சிரிக்கவில்லை. கேஸை அடைத்தாள். சீட்டை ஒட்டினாள்.

"கூடு போனா பாய்லர் எரியும். இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் போயிடுவீங்க. புறா முதல்ல போகும்."

வில்ஃப் அசையவில்லை. கூட்டைப் பிரித்தால் புறாக்களை விற்க வேண்டியதுதான். வேறு இடமில்லை என்றார்.

"தோட்டத்துல உன் கொட்டகை இருக்கே?" என்றாள் டோரீன்.

கொட்டகையில் அவருடைய சாய்வு நாற்காலி இருந்தது. ரேடியோ இருந்தது. டோரீனின் குரல் எட்டாத ஒரே இடம்.

"செத்தாலும் முடியாது."

"அதான் அந்தப் பொண்ணும் சொன்னா."

வில்ஃப் இரண்டு நாள் கோட்டோடு தூங்கினார். சனிக்கிழமை க்ளப்புக்குப் போனார். திரும்பி வந்தபோது பின்சுவர் வெறுமையாக இருந்தது. கொட்டகைக்குள்ளிருந்து பதினோரு புறாக்கள் அவரைப் பார்த்தன. சாய்வு நாற்காலி சமையலறையில், உருளைக்கிழங்குக் கூடைக்குப் பக்கத்தில். மேலே தோல் சீவும் கத்தி.

"உக்காரு" என்றாள் டோரீன். "இங்க கதகதப்பா இருக்கும். ஷெரில் வந்து குழாயைச் சுத்தம் பண்ணி, பாய்லரைப் பத்த வெச்சுட்டுப் போயிட்டா. நாலு பிஸ்கட். நெசமாவே."

விஷவாயு மணி சமையலறைச் சுவருக்குத் திரும்பியது. ரேடியோவில் பேட்டரி இல்லை.

வில்ஃப் கொதித்தார். அந்தக் கூட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, பதிவேட்டில் உரிமையாளர் என்றிருக்கும் என் பேரை அடித்துவிடுங்கள் என்று க்ளப்பில் போய்க் கத்தினார். அடித்தார்கள். குளிர்காலம் முழுக்க உருளைக்கிழங்கு சீவினார்.

மே மாதப் பந்தயத்தில் ஹெப்வர்த் வீட்டுப் புறா எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வந்து இறங்கியது. க்ளப்பில் கூட்டம். செயலாளர் கேட்டார்.

"அப்படி என்னதான் தீனி போட்டீங்க?"

வில்ஃப் தொண்டையைச் செருமினார்.

"நல்ல காத்து" என்றது அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

பரிசுக் கோப்பையை வாங்கக் கை நீட்டினார் வில்ஃப். செயலாளர் அவரைத் தாண்டிப் போனார். கோப்பையில் பெயர் வெட்டியிருந்தது. டோரீன் ஹெப்வர்த்.