பாதி வாய்க்குக் காப்பீடு

"பகுதி நேர ஊழியருக்கு மேல்வரிசைப் பல் மட்டும்னு போட்டிருக்கீங்களே, அச்சுப் பிழைதானே?" என்று தொலைபேசியில் கேட்டார் ஜவுளிக்கடை நிர்வாகி.

"பிழையில்லை. கொள்கை" என்றார் கடைவாயார்.

கடைவாயார் என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு எடுத்துத் தரும் பல் காப்பீட்டுத் திட்டங்களை வடிவமைப்பது அவர் வேலை. கடைவாய்ப் பல்லைப் போல ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் வலி கொடுப்பதால் அந்தப் பெயர். ஆழமாக வேர் விட்டவர் என்கிற அர்த்தத்தில் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"கீழ்ப்பல்லு வலிச்சா என்ன சார் பண்றது?"

"முழு நேரமா வேலைக்கு எடுத்துக்குங்க. பாதி நாள் வேலைக்குப் பாதி வாய். இதுல என்ன அநியாயம்?"

மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு நிர்வாகி தொலைபேசியை வைத்துவிட்டார்.

மேலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"சந்தை மாறிப்போச்சுங்க. பாதிப் பேர் பகுதி நேரம். சின்ன வயசுக்காரங்க வேலைக்குச் சேரும்போதே பல்லுக்குக் காப்பீடு உண்டானு கேக்கறாங்க. அதுக்கேத்த மாதிரி திட்டம் போடுங்கன்னு சொன்னேன். நீங்க வாயை ரெண்டா வெட்டி வச்சிருக்கீங்க."

"சந்தை மாறலாம் சார். பல் மாறாது."

இப்படி எதையாவது சொல்லிவிட்டு ஜன்னல் வழியே சற்று நேரம் தொலைவில் பார்ப்பது அவர் வழக்கம். மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

அலுவலகத்தில் கிடைக்காத மரியாதை வீட்டில் கிடைத்தது. சாப்பாட்டு மேஜையில் அவர் பேசப் பேச, மனைவி எதிரில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள். பகலெல்லாம் அவளும் உள்ளறையில் கணினி முன்னால் ஏதோ வேலை பார்த்தாள். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று கேட்க வேண்டும் என்று அவரும் நினைத்துக்கொண்டுதான் இருந்தார். வருஷக்கணக்கில் அதற்கு நேரம் வாய்க்கவில்லை.

"பாதி வாய் எதுக்குங்க?"

"ஜனங்க ஆசைக்கு ஒரு அளவு வேண்டாமா? முழு வாயும் குடுத்தா நாளைக்குப் பொண்டாட்டி வாயையும் சேர்த்துக் கேப்பான்."

"அப்ப குடும்பத்துக்கும் கிடையாது?"

"கிடையவே கிடையாது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டே தட்டுகளை எடுத்துப் போனாள். புரிந்துகொள்ளும் பெண் என்று கடைவாயார் நிறைவோடு கை கழுவினார்.

மறு வாரம் எதிர்ச்சாரியில் இருந்த போட்டி நிறுவனத்தின் வாசலில் புதுப் பலகை ஏறியது. 'பகுதி நேர ஊழியருக்கும் முழு வாய். குடும்பத்துக்கும் சேர்த்து.' ஜவுளிக்கடை நிர்வாகி சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

"போட்டிக்காரன் ஒரே வருஷத்துல திவாலாயிடுவான்" என்றார் கடைவாயார். ஆனாலும் மேலாளர் முறைத்ததால் இறங்கி வந்தார். எல்லாருக்கும் முழு வாய். ஒரே ஒரு நிபந்தனை: பல் வலி வருவதற்கு ஒரு வாரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும்.

மரச்சாமான் தொழிற்சாலையின் பணியாளர் அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். நிதானமான அம்மாள்.

"வரப்போற வலி முன்னாடியே எப்படிங்க தெரியும்?"

"பொறுப்பான ஊழியருக்குத் தெரியும்மா."

அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்றும் மனைவி ஆர்வமாகக் கேட்டாள். "வலி இல்லாம, சும்மா சுத்தம் பண்ணிக்கப் போனா?"

"ஒரு காசு கிடையாது. சுத்தம் பண்ணப் போனாத்தான் சொத்தை இருக்கறதே தெரியும். தெரியாத சொத்தைக்கு எவன் பணம் கேப்பான்?"

"நல்லா யோசிக்கறீங்க."

"அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்."

எதிர்ப்பக்கம் அடுத்த பலகை வந்தது. 'சொல்லாமல் வாருங்கள். சுத்தம் செய்வது இலவசம்.' தொழிற்சாலையும் கை நழுவியது. அலுவலகத்தில் இரண்டு மேஜைகள் காலியாயின. அங்கே இருந்தவர்கள் போகும்போது கடைவாயாரைப் பார்த்த பார்வையை அவர் பிரிவுத் துயரம் என்று எடுத்துக்கொண்டார்.

"நம்ம ஆபீஸ்ல யாரோ உளவு சொல்றாங்க" என்றார் மனைவியிடம். "என் யோசனையைத் திருடறாங்க."

"இதையெல்லாம் யாருங்க திருடுவாங்க?" என்று அவள் மனதாரக் கேட்டாள்.

மிச்சம் இருந்த பெரிய வாடிக்கையாளர் ஒரு தொலைபேசிச் சேவை மையம். அவர்களையாவது பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றுங்கள் என்றார் மேலாளர். செலவும் கூடக் கூடாது, சலுகையும் தெரிய வேண்டும். கடைவாயார் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். வெளியே வந்தபோது முகத்தில் ஒளி இருந்தது.

"முன்னறிவிப்பு வேண்டாம், காத்திருப்பு வேண்டாம், எல்லாம் இலவசம். ஆனா பிடுங்கறதுக்கு மட்டும். அடைச்சா திரும்பத் திரும்ப வருவான். பிடுங்கிட்டா அந்தப் பல்லோட கணக்கு முடிஞ்சுது."

திட்டம் நன்றாக ஓடியது. அதுதான் ஆபத்தாகப் போயிற்று. இலவசம் என்றதும் மைய ஊழியர்கள் கூட்டமாகப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். மாதம் திரும்புவதற்குள் அதன் மேற்பார்வையாளர் தொலைபேசியில் வந்தார்.

"ஷார், ஷேவை மையத்துலேர்ந்து பேஷறேன். எங்க ஆளுங்க பேஷறது யாருக்கும் புரியலையாம்."

"கொஞ்சம் தெளிவா சொல்லுங்க."

"அதாங்க ஷார் பிரஷ்னையே."

எதிர்ப்பக்கப் பலகை இந்த முறை சுருக்கமாக இருந்தது. 'பல்லைப் பிடுங்க மாட்டோம். காப்பாற்றுவோம்.' சேவை மையமும் சாலையைக் கடந்தது. மறுநாள் மேலாளர் கடைவாயாரை உட்காரக்கூடச் சொல்லாமல் வேலையிலிருந்து அனுப்பிவைத்தார். கிளம்பும்போது யாரோ கை தட்டினார்கள். வழியனுப்பும் மரியாதை என்று அவர் கையசைத்துவிட்டுப் படி இறங்கினார்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சாலையைக் கடந்தார். தன்னைப் போன்ற மூளை தங்களிடம் இல்லையே என்று அந்த நிறுவனம் ஏங்கிக்கொண்டிருக்கும் என்பது அவர் கணிப்பு.

வரவேற்பறையில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள்.

"திட்டப் பிரிவுல ஆள் தேவையில்லீங்க சார். ஒரே ஒரு மேடம்தான், எல்லாத்தையும் வீட்டுலேர்ந்தே பாத்துக்கறாங்க. போன வாரம் அவங்களைத் துறைக்கே தலைவரா ஆக்கிட்டாங்க."

"ஒரு பொம்பளை, வீட்டுல உக்காந்துக்கிட்டா?" கடைவாயார் உதட்டைப் பிதுக்கினார். "பல்லைப் பத்தி அவங்களுக்கு என்னம்மா தெரியும்?"

"பெருசா ஒண்ணும் தெரியாதுன்னு அவங்களே சொல்வாங்க சார். சாப்பிடும்போது அவங்க வீட்டுக்காரர் எதைச் சொல்றாரோ, அதுக்கு நேர்மாறா எழுதி அனுப்பிடுவாங்களாம். இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பினதில்லை."