பின்பக்க பம்பர் தாமதம் குறித்து மருமகளுக்கு விளக்கம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே உன் அத்தை நலம். நானும் நலம், இடுப்பைத் தவிர. அதன் விவரம் உரிய இடத்தில் வரும். நீயும் பாப்பாவும் சளி, காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

வண்டி என்னாயிற்று என்று போனில் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டாய். எனக்குப் போனில் பேச வராது, ஆகவே எழுத்து மூலம் விளக்கம் அளிக்கிறேன். அந்த ஜீப் வாசலில் நிற்கும்வரை இந்த வீட்டுக்குள் கால் வைக்க உன்னால் முடியாது என்று சொன்னாய். நியாயம்தான். நம் பிள்ளை போய்ப் பதினொரு மாதமாகியும், தெருவில் அதே மாதிரி ஹாரன் கேட்டால் உன் அத்தை கேட்டைத் திறக்க எழுந்துவிடுகிறாள். விற்றுவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். ஆளும் கிடைத்தார். காடு மேடெல்லாம் ஜீப் ஓட்டுகிற ஒரு பல் டாக்டர். சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார், கடைசியில் பின்னால் பம்பர் எங்கே என்றார். நான் என்ன சொல்ல? அவன்தான் பழைய பம்பரைக் கழற்றி இரும்புக் கடையில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று செய்யப் படம் வரைந்து வைத்திருந்தானே. ஞாயிற்றுக்கிழமை வெல்டரிடம் போவதாக இருந்தான். வியாழக்கிழமை நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனான். அவ்வளவுதான். பம்பரைப் போட்டுக் கொடுத்தால் மறுநாளே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பிவிட்டார்.

முப்பத்தோரு வருஷம் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கல் நட்டவனுக்கு ஒரு பம்பர் எம்மாத்திரம் என்று படத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அந்த வெல்டரை எல்லோரும் ‘கண்ணாடி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு பட்டறை முழுக்க அதைத் தேடுவார், அதனால். பத்து நாளில் முடித்துக் கொடுத்தார். இரண்டு பேர் மூச்சு முட்டத் தூக்கிப் பொருத்தினால், சைலன்ஸர் குழாய்க்கு விட்ட வெட்டு இடது பக்கம், சைலன்ஸர் வலது பக்கம். பெட்ரோல் கேன் வைக்கிற சட்டமோ சரியாகப் புகை வருகிற இடத்துக்கு மேலே. அப்படியே ஓட்டினால் பல் டாக்டருக்கே பல் மிஞ்சாது. பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அவன் வண்டிக்கு அடியில் படுத்து, அண்ணாந்து பார்த்து வரைந்திருக்கிறான். நான் மேலிருந்து பார்த்த படம் என்று நினைத்து வலது இடதை மாற்றிவிட்டேன்.

சரி, மறுபடி செய்தோம். இந்த முறை போல்ட் துளைகள் ஒரு விரல்கடை தள்ளிப்போய்விட்டன. ஒரு துளையை நடுவிலிருந்தும், அடுத்ததை ஓரத்திலிருந்தும் அளந்திருக்கிறேன். அதைச் சரிசெய்யப் போக, தகடு உயர்ந்து, பின்கதவு ஒரு பூனை நுழைகிற அளவுதான் திறந்தது. பார்க்க வந்த டாக்டர் அந்த இடுக்கில் கையை மட்டும் விட்டுத் துழாவிவிட்டு, வாயே திறக்காத நோயாளியிடம் தோற்றவர் போல முகத்தை வைத்துக்கொண்டு போனார். நானே அடியில் படுத்து அளந்துவிடுகிறேன் என்று படுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. உன் அத்தை ஒரு காலையும் கண்ணாடி ஒரு காலையும் பிடித்து வெளியே இழுத்தார்கள். இடுப்பு விவரம் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தின் ஓரத்தில், பம்பருக்குக் கீழே சின்னதாக ஒரு படி வரைந்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் அங்குலக் கணக்கு எழுதியவன், அந்தப் படி உயரத்துக்கு மட்டும் ‘பாப்பா முழங்கால்’ என்று எழுதியிருக்கிறான். அதைப் பார்த்ததும் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடி போய் டீ வாங்கி வந்தார். போன மாதம் திடீரென்று பாப்பாவின் முழங்கால் எவ்வளவு உயரம் என்று உன்னிடம் கேட்டேனே, நீ பதறிப்போய்க் காலுக்கு என்ன மாமா, டாக்டரிடம் காட்டணுமா என்றாயே, அது இதற்காகத்தான். சும்மா கேட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஆகவே, மேற்படி காரணங்களால் இன்னும் ஒரு மாதம் அவகாசம் தர வேண்டுகிறேன். பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம். வேளைக்குச் சாப்பிடு, அழுதுகொண்டே படுக்காதே. நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இடுப்பு வலியுடன்,
மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் நடந்ததுதான். தெரியாமல் நடந்தது என்பதுதான் பொய். அவன் அடியில் படுத்து வரைந்தபோது டார்ச் பிடித்தவனே நான். முப்பத்தோரு வருஷம் அளந்தவனுக்கு வலது இடது தெரியாமல் போகுமா? கண்ணாடியும் முதல் நாளே, “சார், பக்கம் மாறுதே” என்றார். நான் சொல்கிறபடி செய்யுங்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்தார், தகட்டை வெட்ட ஆரம்பித்தார். பம்பர் முடியாதவரை வண்டி போகாது. வண்டி நிற்கிறவரை, பாதியில் விட்ட வேலையை முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்துவிடுவான் என்று எனக்கு ஒரு கிறுக்கு.

இந்தக் கடிதம் தபாலில் சேராமல் நாலு நாள் மேசைமேலேயே கிடந்தது. உன் அத்தை எடுத்துப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இன்னும் எத்தனை தடவை தப்பா அளப்பீங்க? அவன் வரமாட்டான். அவங்க ரெண்டு பேரும் வருவாங்கல்ல?”

நேற்றுச் சரியாக அளந்தேன். நாலு போல்ட்டும் ஒரே தடவையில் உட்கார்ந்தன. இன்று காலை டாக்டர் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை, படி வேண்டாம் என்றார். கண்ணாடி அதை மட்டும் வெட்டி எடுத்து, அதற்கு நாலு கால் வைத்து என் கையில் கொடுத்தார். வாசலில் ஜீப் நின்ற இடத்தில் போட்டிருக்கிறேன். உயரம் குத்துமதிப்பாகத்தான் வைத்தோம். இது ஒன்றைத்தான் எனக்கு நிஜமாகவே அளக்கத் தெரியவில்லை. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா அம்மா.